கறுப்பின் மேல் கறுப்பு

2008 செப்டம்பர் 9

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலாளி அருள்செல்வன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். அமெரிக்காவில் ஒரு விமான மியூசியம். அதன் கடையில் விற்க பனியன் வேண்டுமாம். முன்பக்கம் ஒரு விமானம், முதுகில் அதன் கதை நாலு வரி. இப்படி ஐந்து டிசைன். எல்லாமே வேவு விமானங்கள். எட்டாத உயரத்தில், பிடிக்க முடியாத வேகத்தில் பறந்து, கீழே இருப்பதைப் படமெடுத்துக்கொண்டு போகிறவை.

"ஏனுங்க மலர், பூவும் பொம்மையும் வரைஞ்சு சலிச்சுப் போச்சுன்னீங்கல்ல, இந்தாங்க. இது மட்டும் நல்லா வந்துருச்சுன்னா நம்ம பிரிண்டிங்குக்கு ஒரு பேரு கெடைக்குமுங்க."

சரி என்றேன். வன்னியை விட்டு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இன்னமும் மேலே சத்தம் கேட்டால் என் கை கதவு நிலையைத் தேடுகிறது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

செப்டம்பர் 14

கிளிநொச்சியிலிருந்து தங்கச்சி கேதீஸ்வரி பேசினாள். அங்கே சண்டை நெருங்கி வருகிறதாம். சாமான்களை ஏற்றித் தயாராக வைத்திருக்கிறார்களாம். கேதாவுக்கு எட்டு வயது, நானும் அப்பாவும் படகேறியபோது. அம்மா படுக்கையில் இருந்ததால் அவளை அம்மாவிடம் விட்டோம். 'ஆறு மாதத்தில் எல்லாரும் ஒன்றாகிவிடுவோம்' என்றார் அப்பா. அம்மா போய்விட்டாள். கேதா யோகனைக் கட்டினாள். வெண்ணிலா பிறந்து நாலு வயதாகிறது. நான் இன்னும் அந்தக் குழந்தையைப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 25

மியூசியம் அனுப்பிய காகிதங்களைப் படித்து முடித்தேன். ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடுகிறது.

முதல் விமானம் யூ-2. நீளமான இறக்கை, கிளைடர் மாதிரி. வேகம் அதிகமில்லை, உயரம்தான் அதன் பாதுகாப்பு. அந்த உயரத்துக்கு எந்த ஏவுகணையும் வராது என்று நம்பினார்கள். 1960இல் ரஷ்யாவின் மேல் அதைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். விமானி உயிரோடு பிடிபட்டார். உயரம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்ததாம். ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் போகும் ஒன்றை ரகசியமாகக் கட்டிக்கொண்டிருந்தார்களாம். ஏ-12. அதிலிருந்துதான் அந்தப் பெரிய கறுப்பு விமானம், எஸ்ஆர்-71.

படத்தில் அது விமானம் மாதிரியே இல்லை. தட்டையாக, கழுத்து நீண்டு, நீருக்குள் போகிற ஏதோ ஒன்று மாதிரி. அழகு. வரைவதற்குக் கை பரபரக்கிறது. அதுவே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

அக்டோபர் 8

பனியன் வாங்குகிற பையர் கறுப்புப் பனியனில்தான் கறுப்பு விமானம் வேண்டும் என்கிறார். கறுப்பின் மேல் கறுப்பு எப்படித் தெரியும்? சாம்பல் கோடு போட்டுக் காட்டினேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். நானும் முதலாளியும் பிரிண்டிங் மேசையில் பாண்டியம்மாளும் சேர்ந்து நாலைந்து மாதிரி அடித்துப் பார்த்தோம். கடைசியில் முதலாளிக்குத்தான் தோன்றியது: அடியில் மங்கலான கறுப்பு, அதன் மேல் பளபளக்கும் ஜெல். நேராகப் பார்த்தால் வெறும் பனியன். சாய்த்துப் பிடித்தால் வெளிச்சத்தில் விமானம் எழும்புகிறது.

"தெரியாமத் தெரியோணுமுங்க" என்றார். சிறுபிள்ளை மாதிரி சந்தோஷம் அவருக்கு.

பாண்டியம்மாள் பனியனை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, எதையும் வெடுக்கென்று சொல்வாள். "வெளங்காத கழுகு மாதிரி இருக்கு தாயி."

அக்டோபர் 19

கேதா பேசினாள். கிளிநொச்சியை விட்டு விசுவமடுவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு கொமினிகேசனில், போன் பேசுகிற கடையில், வரிசையில் நின்று பேசுகிறாள், பின்னால் சனத்தின் சத்தம். மேலே இரவு பகலாக வேவு விமானம் சுற்றுகிறதாம். ஆளில்லாத சின்ன விமானம். சத்தத்தை வைத்து அதற்கு 'வண்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"வண்டு வந்தால் பின்னால குண்டு போடக் கிபிர் வரும் அக்கா. வெண்ணிலா இப்ப நித்திரையிலயும் காதைப் பொத்துறாள். அது சரி, நீங்கள் இப்ப என்ன கீறுறியள்?"

"பூ" என்றேன். "சின்னப் பிள்ளையளின்ர சட்டைக்கு."

"அவளுக்கும் ஒண்டு எடுத்து வையுங்கோ."

இன்று இருப்புக் கொள்ளவில்லை. அந்த அமெரிக்க விமானம் ஏன் அத்தனை வேகமாகப் போக வேண்டியிருந்தது? கீழே இருந்தவர்களால் திருப்பிச் சுட முடியும் என்பதால்தானே? அந்த வேகம் முழுவதும் பயத்தில் பிறந்தது. கேதாவின் தலைக்கு மேலே சுற்றுவதற்கு வேகமே தேவையில்லை. கூடாரத்துக்குக் கீழே இருக்கிற சனத்துக்குப் பயந்து யார் ஓடப் போகிறார்கள்? மெதுவாக, ஆறுதலாகப் பார்க்கலாம்.

அக்டோபர் 27

தீபாவளி. இங்கே நாங்கள் குடியிருக்கும் நல்லூர்த் தெருவெல்லாம் வெடி. அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

நவம்பர் 13

கறுப்பு விமானத்தின் மூக்குப் பகுதி வளைவு தவறு என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மியூசியத்தில் ஒரு பெரியவர் டிசைன்களைச் சரிபார்க்கிறார். விமானப் படையில் இருந்தபோது இதன் காமிராக்களைப் பராமரித்தவராம். கோபமில்லாமல், பொறுமையாக எழுதுகிறார். உடலின் இரண்டு பக்கமும் ஓடும் அந்தக் கூர்மையான விளிம்பு மூக்குவரை போக வேண்டும், உங்கள் படத்தில் பாதியில் நிற்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார். பார்த்தேன். உண்மைதான்.

டிசம்பர் 2

முதுகில் வரும் வாசகங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதால் மறுபடி படிக்கிறேன். சிலது நம்பவே முடியவில்லை. அந்த விமானத்தைக் கட்ட டைட்டானியம் வேண்டியிருந்தது, அமெரிக்காவில் போதவில்லை. வேவு பார்க்கப் போகும் ரஷ்யாவிடமிருந்தே, வேறு ஆட்களின் பெயரில், சுற்றி வளைத்து வாங்கினார்களாம். வேகத்தில் உடம்பு சூடாகி நீளும். அதற்காகத் தகடுகளுக்கு நடுவில் இடைவெளி விட்டுக் கட்டினார்கள். தரையில் நிற்கும்போது எரிபொருள் ஒழுகிக்கொண்டே இருக்குமாம். பறந்து சூடேறினால்தான் எல்லாம் இறுகும். கறுப்புச் சாயம்கூட அந்தச் சூட்டை வெளியே விடுவதற்காக. கோடைக் காலத்தில் செய்த வெல்டிங் மட்டும் விட்டுப் போனது. என்னவென்று தேடினால், கோடையில் ஊர்த் தண்ணீரில் குளோரின் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், அந்தத் தண்ணீரில் தகடுகளைக் கழுவியதுதான் காரணம்.

மனிதர்கள் ஒரு வெல்டிங்குக்காக இவ்வளவு தேடியிருக்கிறார்கள்.

டிசம்பர் 16

நாலாவது டிசைன் ரஷ்யர்களுடையது, மிக்-25. டைட்டானியத்துக்குப் பதிலாக எஃகு. கனம், முரடு, ஆனால் கிட்டத்தட்ட அதே வேகம். வேவு பார்க்கவும் ஒரு வகை செய்தார்கள். இந்தியாவும் வாங்கி வைத்திருந்ததாம், இரண்டு வருடம் முன்புதான் ஓய்வு கொடுத்தார்கள். அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். நூல் மில்லில் வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எங்களுக்கு மேலாலயும் போயிருக்குமோ?"

"தெரியாதப்பா."

"போயிருந்தாலும் எங்களுக்கு என்னண்டு தெரியும்" என்றார்.

2009 ஜனவரி 6

கேதா. புதுக்குடியிருப்பிலிருந்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. மறுபடி இடம் மாற வேண்டுமாம். வெண்ணிலாவிடம் கொடுத்தாள்.

"பெரியம்மா, உங்கட ஊரில பிளேன் வருமோ?"

"வரும் செல்லம். இது ஆக்களை ஏத்திக்கொண்டு போற பிளேன்."

"எங்களையும் ஏத்துமோ?"

ஏற்றும் என்று சொல்வதற்குள் கேதா வாங்கிக்கொண்டாள். "அக்கா, பின்னால சனம் நிக்குது. அப்பாவைக் கவலைப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. போற இடத்தில இருந்து திரும்பப் போன் எடுக்கிறன்."

ஜனவரி 30

எடுக்கவில்லை.

பிப்ரவரி 11

எந்த எண்ணும் கிடைக்கவில்லை. வானொலியில் மருத்துவமனைகள் இடம் மாறுகின்றன என்கிறார்கள். செய்தி நேரத்தில் அப்பா வானொலியை மடியில் வைத்துக்கொள்கிறார். எங்க நிக்கிறாய் கேதா? சாப்பிட்டியளோ? பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே? நான் இங்கே விமானத்தின் வால் நுனியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். மியூசியத்துப் பெரியவருக்கு நேராக மெயில் எழுதினேன். திருத்தம் அனுப்புகிற அதே மெயிலின் கீழே. என் தங்கை அங்கே இருக்கிறாள், கணவனும் நாலு வயதுக் குழந்தையும் கூட. கடற்கரை ஓரமாக ஒரு சின்ன இடத்தில் அத்தனை சனமும் நெருக்கப்பட்டிருக்கிறது. வானத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு தேசத்தையே படமெடுக்க முடியும் என்று உங்கள் காகிதத்தில் படித்தேன். இப்போது செயற்கைக்கோள் இன்னும் தெளிவாகப் பார்க்குமாம். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது அந்த வேலையில் இருப்பார்களே. அவர்கள் அங்கே பார்க்கிறார்களா? பார்த்தால், யாரிடமாவது சொல்வார்களா?

ஆங்கிலத்தில் எத்தனை பிழை என்று தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 19

முதலாளிக்கும் அதன் நகல் போயிருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நெடுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மலர், பையருக்கு நம்ம ஊட்டுக் கதையெல்லாம் எழுதலாமுங்களா? இருக்கறதே இந்த ஒரு ஆர்டரு. அங்கெல்லாம் கடை கடையா மூடிட்டு இருக்கறாங்க. அவங்க பயந்துக்கிட்டாங்கன்னா?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். பதற்றத்தில் என் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க மலர். தங்கச்சி அங்க இருக்கறது. நீங்க சொன்னதே இல்லீங்களே."

சொல்லி என்ன ஆகப் போகிறது என்றுதான் சொல்லவில்லை.

பிப்ரவரி 23

முதலாளி ஒரு பொட்டலம் விபூதி கொண்டுவந்து கீபோர்டு பக்கத்தில் வைத்தார். "சிவன்மலைக்குப் போயி முருகங்கிட்டச் சொல்லிட்டு வந்தேனுங்க." அப்படியே போய்விட்டார். அப்பாவிடம் கொடுத்தேன். பூசிக்கொண்டார்.

மார்ச் 6

பெரியவரிடமிருந்து பதில். அவர் எழுதியதை எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதி வைக்கிறேன்.

'உன் தங்கைக்காக வருந்துகிறேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. எனக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இறந்துவிட்டார்கள். இருக்கிறவர்களின் சொல்லை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் இரண்டு பேருக்குப் போன் செய்தேன். ஒருவன், பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்றான். பார்த்து என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அது என் வேலை இல்லை என்றான். நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். என் வேலை காமிரா சரியாக ஓட வேண்டும் என்பது மட்டும். ஒரு முறை, ஊர் பெயர் சொல்லக்கூடாது, ஒரு வீட்டின் கொடியில் துணி காய்வது படத்தில் தெரிந்தது. அத்தனை உயரத்திலிருந்து. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம், காமிரா அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது என்று. அது யாருடைய வீடு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.'

அடியில், வால் திருத்தம் சரியாக இருக்கிறது, அச்சடிக்கலாம் என்று எழுதியிருந்தார்.

மார்ச் 24

ஆர்டரைக் குறைத்துவிட்டார்கள். மெயிலால் இல்லை, அங்கே வியாபாரம் இல்லாததால்தான் என்று முதலாளி இரண்டு தடவை சொன்னார். ஐந்தில் கறுப்பு விமானம் மட்டும் போதுமாம். கடைசி டிசைன் ஆளில்லாத விமானம்; இன்னொரு விமானத்தின் முதுகில் உட்கார்ந்து போய்ப் பிரிகிற மாதிரி செய்தார்கள். ஒத்திகையில் பிரியும்போது தாய் விமானத்திலேயே மோதி, கடலில் விழுந்து ஒருவர் இறந்தார். பிறகு வேறு விதமாக நாலு தடவை அனுப்பியும் ஒரு படம்கூடக் கைக்கு வரவில்லை. அதை வரைந்து முடித்திருந்தேன். ஃபைலை அழிக்கவில்லை, ஓரமாக வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9

இன்று அச்சு. பாண்டியம்மாள் ஜெல் இழுத்தாள். முதுகில் மியூசியம் தேர்ந்தெடுத்த வரி: 'அதன் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை.' அந்த வரியின் அச்சு ஸ்கிரீனை நானே கழுவி எடுத்துக் கொடுத்தேன். கையெல்லாம் மை.

ஏப்ரல் 23

செயற்கைக்கோள் படம் ஒன்று இணையத்தில் வந்திருக்கிறது. கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவில் ஒரு கீலம் மாதிரி ஒடுங்கிய மணல். அதன் மேல் உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கூடாரங்கள்.

வேலை முடிந்து எல்லாரும் டீக்குப் போன நேரத்தில் அதை என் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். புள்ளி சதுரமாகிறது. சதுரம் சாம்பலும் வெள்ளையுமாக உடைகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இத்தனை வருடமாகப் படத்தோடு வேலை செய்கிறேன், பெரிதாக்கினால் உடையும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரம்வரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேதா கூடாரத்துக்கு நீலத் தறப்பாள் கட்டியிருப்பதாக ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். நீலமாக இரண்டு மூன்று இருந்தன. எதிலே நிக்கிறாய் நீ?

பாண்டியம்மாள் டீயோடு வந்து பின்னால் நின்றிருக்கிறாள். "என்னத்தா இது, உப்பளமா?"

"என்ர தங்கச்சி இருக்கிற இடம்."

டீயை வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மே 18

முடிந்துவிட்டது என்கிறார்கள். டிவியில் காட்டுகிறார்கள். நான் வேலைக்குப் போனேன். குழந்தைகள் சட்டைக்குத் தர்ப்பூசணி வரைந்தேன். பாண்டியம்மாள் பக்கத்தில் வந்து குந்தினாள். "அழுதுரு தாயி, உள்ளுக்குள்ள வச்சிருக்காத." வரவில்லை.

மே 19

அப்பா டிவியை விற்றுவிடலாம் என்றார்.

ஜூன் 28

வவுனியாவில் கம்பி வேலிக்குள் லட்சக்கணக்கில் சனம் இருக்கிறதாம். அங்கே இருப்பார்கள். ஏன் இருக்கக்கூடாது? அவ்வளவு பேர் இருக்கும்போது இவர்கள் மூன்று பேர் மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

ஆகஸ்ட் 12

பாக்கியமக்கா பேசினா. விசுவமடுவிலிருந்து கேதாவோடு கூடவே இடம் மாறி மாறி வந்தவ. வயதானவர்களை முகாமிலிருந்து வெளியே விடுகிறார்கள் என்று அவவையும் விட்டிருக்கிறார்கள். என் எண்ணைக் கேதா அவவிடமும் சொல்லி வைத்திருந்தாளாம். நான் ஸ்பீக்கரில் போட்டேன், அப்பாவும் கேட்கட்டும் என்று. போட்டிருக்கக் கூடாது.

யோகன் மாத்தளனில், கஞ்சி வாங்க வரிசையில் நின்ற இடத்தில். ஷெல். வெண்ணிலாவுக்கு அதற்கு அடுத்த கிழமை காலில் காயம். சின்னக் காயம்தான். மருந்தில்லை. காய்ச்சல் வந்து போய்விட்டாள். பங்கருக்குப் பக்கத்திலேயே கேதா தன் கையால் தோண்டினாளாம்.

"கேதா?" என்று அப்பா கேட்டார்.

"களப்புக்குள்ளால நடந்து வந்தனாங்கள் அண்ணை. என்ர பின்னாலதான் வந்தவள். 'நீங்கள் நடவுங்கோ அக்கா, நான் வாறன்' எண்டவள். திரும்பிப் பாத்தன், காணேல்லை. சனம் எண்டா சனம்."

வாறன் எண்டு சொன்னவள். அப்ப வருவாள். செத்ததை யாரும் காணேல்லையே.

ஆகஸ்ட் 30

பாக்கியமக்காவின் மகன் இன்னும் முகாமுக்குள்தான் இருக்கிறான். ஒவ்வொரு பகுதியாகப் போய்க் கேதாவை விசாரித்திருக்கிறான். மருத்துவமனைகளிலும் ஆள் விட்டுக் கேட்டார்களாம். இல்லை.

செப்டம்பர் 10

அப்பா கேட்டார், பவானிக்கு எந்த பஸ் என்று. எதற்கென்று நான் கேட்கவில்லை. மகாளய அமாவாசை வருகிறது. "ரெண்டு பேருக்கும்தான்" என்றார் அவராகவே.

செப்டம்பர் 18

பவானிக் கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. முதலாளி லீவு கொடுத்ததோடு வண்டியும் அனுப்பியிருந்தார். அப்பா முழுகிவிட்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். நான் பின்படியில் நின்றேன்.

ஐயர் இளவயது. அவசரத்தில் இருந்தார். "எந்த நாள்ல தவறினாங்கன்னு தெரியுமுங்களா?"

"தெரியாது ஐயா" என்றார் அப்பா. "மாதம் மட்டும்தான் தெரியும்."

"பரவால்லீங்க. நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைதானுங்க. பேரைச் சொல்லுங்க."

"யோகராசா. மருமகன்." எள்ளும் தண்ணீரும் விட்டார்.

"அடுத்ததுங்க?"

"வெண்ணிலா. பேத்தி." எள்ளை விடாமல் கையை மூடிக்கொண்டார். ஐயர் கையைப் பிடித்து விடச் செய்தார்.

"அவ்வளவுதானுங்களா?"

அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் காத்திருந்தார். பின்னால் அடுத்த குடும்பம் உட்கார இடம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் முதுகெலும்பு தோலுக்கு மேலே தெரிந்தது. அவர் திரும்பவில்லை. என்னைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது.

"கேதீஸ்வரி" என்று நான் சொன்னேன்.